நாற்காலியில் உட்காரக் கற்றுக்கொண்டேன்



"நாற்காலியில உட்கார்ந்துகிட்டே யோகாசனம் செய்யலாமாம் அத்தை. செவ்வாய்க்கிழமை காலையில மண்டபத்துல சொல்லித் தராங்க. போயிட்டு வாங்களேன்" என்று என் மருமகள் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"உட்கார்ந்துகிட்டுச் செய்யறதுக்குப் பேரு உடற்பயிற்சியா? அப்படீன்னா உங்க மாமா நாள் பூரா அதைத்தானே செய்யறாரு!" என்றேன். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

நீங்களும் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று எழுந்திருக்கும் என் வயதுச் சகோதரிகள் அவசியம் படிக்க வேண்டும். அப்படி எழுந்திருக்கும் தாயை வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகளும் படிக்க வேண்டும்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. கெர்லிங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பதினைந்து வயதில் அம்மாவின் பின்னால் நிரைக்குப் போனேன். பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை வைத்த பிறகும் விடவில்லை, உதிரிப் பழம் பொறுக்கினேன். பிள்ளைகள் தலையெடுத்த பின்புதான் கோலா குபு பாருவுக்குக் குடிவந்தோம். இப்படி ஓடியாடி உழைத்தவளுக்கு நாற்காலியில் உட்காரச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரா என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் உண்மையைச் சொல்லப் போனால், நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாற்காலி யாருக்கு?

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. எங்கள் காலத்துத் தோட்டத்தில் நாற்காலி என்பது உட்காருகிற சாமான் மட்டுமல்ல. அது ஒரு பதவி. சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, அதன் பின்னால் கிராணி நாற்காலியில் இருப்பார். நாங்கள் வரிசையில் நிற்போம். கோயில் திருவிழாவில் துரைக்கும் அவர் மனைவிக்கும் துணி விரித்த நாற்காலி முன்வரிசையில் கிடக்கும். நாங்கள் பாயிலோ, புல்தரையிலோ உட்காருவோம். காலையில் பெரட்டுக் களத்தில் நின்றோம், நிரையில் குனிந்தோம், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது மறுபடியும் நின்றோம்.

என் தகப்பனார் மனம் வைத்து ஒரே ஒரு மரநாற்காலி வாங்கினார். அதைத் துடைத்து வைப்போமே தவிர உட்காரமாட்டோம். யாராவது விருந்தாளி வந்தால் அதை எடுத்துப் போடுவோம். அம்மா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிட, அரிசி புடைக்க, பிள்ளைக்குப் பால் கொடுக்க, எல்லாம் தரைதான்.

ஆகவே அறுபது வயதுக்கு மேல் முட்டி மடங்காமல் போய், தரையில் உட்கார முடியாத நிலை வந்தபோது, எனக்கு அது ஒரு தோல்வி போலவே இருந்தது. கோயில் அன்னதானத்தில் எல்லாரும் கீழே பந்தியில் இருக்க, நான் மட்டும் சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவேன். தலை நிமிராது. "கிராணியம்மா ஆயிட்டீங்களே!" என்று ஒருத்தி வேடிக்கையாகச் சொன்னாள். சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

"நாங்க பார்க்காத வேலையா? எங்களுக்கு எதுக்கு எக்சசைஸ்?" தோட்டத்து ஜனங்களில் பாதிப் பேர் சொல்லும் பதில் இது. நானும் சொன்னவள்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஒரு நிரையில் ஏறக்குறைய ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் குனிய வேண்டும். கீழ்ப்பட்டை வெட்டும் காலத்தில் முட்டியை மடக்கி, இடுப்பைத் திருப்பி, கழுத்தைச் சாய்த்து உளியை இழுக்க வேண்டும். எல்லா மரத்துக்கும் அதே பக்கம், அதே திருப்பம். பிறகு மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியையும் மாட்டித் தோளில் தூக்க வேண்டும். அதுவும் பழகிய தோளில்தான்.

முப்பது வருஷம் ஒரு கதவை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் கீல் என்ன ஆகும்? தேயும். மற்றப் பக்கம் துருப் பிடிக்கும். எங்கள் உடம்புக்கும் அதுதான் நடந்தது. உழைப்பு வயிற்றுக்குச் சோறு போட்டது. உடம்புக்கு என்ன வேண்டும் என்று அது கேட்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை. வேலை நின்ற பிறகு இன்னொரு கேடும் வந்தது. தினமும் மைல் கணக்கில் நடந்த கால்கள் டவுன் வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அடங்கிப் போயின. சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. பிறகு சர்க்கரை வராமல் என்ன செய்யும்? 2019-ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. இந்தியர்களில் அது பத்தில் மூன்று பேருக்கு. அந்த மூவரில் நானும் ஒருத்தி.

அடுத்த நிரை அக்கா

இப்போது நான் சொல்லப்போவது சிரிப்பில்லாத விஷயம்.

நிரையில் எனக்கு அடுத்தாற்போல் மரம் வெட்டிய அக்கா ஒருவர் இருந்தார். இருட்டில் தலைவிளக்குத் தெரிந்தால் அவர் வந்துவிட்டார் என்று எனக்குத் தைரியம் வரும். நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது என் வாளியையும் சேர்த்துச் சுமந்தவர். அவரும் மகன் வீட்டோடு இதே ஊருக்கு வந்து சேர்ந்தார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவர் இரண்டு கையையும் ஊன்றுவார், இரண்டு முறை முயற்சி செய்வார், மூன்றாம் முறை எழுந்திருப்பார். "பிள்ளைங்ககிட்ட சொல்லாதே தங்கச்சி, அப்புறம் என்னைத் தனியா குளிக்கக்கூட விடமாட்டாங்க" என்பார். நானும் சொல்லவில்லை. ஏனென்றால், நானும் அப்படித்தான் எழுந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் படுத்தவர் பிறகு நன்றாக எழுந்து நடக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். ஈரத் தரை வழுக்கியது உண்மை. ஆனால் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவர் கால்களில் பலம் போய்விட்டிருந்தது. அது எனக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்ததும் மருமகளைக் கூப்பிட்டு, "அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு இன்னும் நடக்குதாம்மா?" என்று கேட்டேன்.

முதல் நாள்

மண்டபத்தில் பன்னிரண்டு இரும்பு நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசையாய்ப் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி கூடாதாம். கால் விரிந்து சறுக்கிவிடுமாம். சக்கரம் வைத்ததும் கூடாது. எனக்கு உயரம் பற்றாமல் பாதம் தரையில் படவில்லை. டீச்சர் ஒரு பலகையைக் கொண்டு வந்து காலடியில் வைத்தார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. "பாதம் முழுசும் பதிஞ்சாத்தாம்மா முதுகு நிமிரும்" என்றார்.

உடுப்புப் பற்றித்தான் எனக்குப் பெரிய வெட்கம். நல்லவேளையாக அங்கே சிலர் கைலியும் சட்டையுமாகவே வந்திருந்தார்கள்.

முதலில் ஒரு சோதனை வைத்தார் டீச்சர். "இரண்டு கையையும் நெஞ்சில கட்டிக்குங்க. கை ஊன்றாம எழுந்திருங்க பார்ப்போம்." நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. இன்னொரு முறை முயன்றேன். இடுப்பு ஒரு சாண் உயர்ந்து, பொத்தென்று விழுந்தது. ஒரு காலத்தில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேடேறியவள் நான். என் உடம்பையே என்னால் தூக்க முடியவில்லை. டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெட்கப்படாதீங்கம்மா. இன்னிக்கு இதை நோட்டில எழுதி வைப்போம். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். என் பெயருக்கு நேரே ஒரு சுழியம் போட்டார். பெரட்டில் என் பெயருக்கு நேரே சுழியம் விழுந்ததே இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தோம். நாற்காலியின் முன்பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுக்கும்போது இரண்டு கையையும் உயர்த்தி, விடும்போது இறக்கினோம். தலையை மெதுவாக வலமும் இடமுமாகத் திருப்பினோம். தோளை முன்னும் பின்னுமாகச் சுழற்றியபோது, காண்டாக் கம்பு சுமந்த என் வலத்தோள் 'கடக் கடக்' என்றது. விரல்களை மூடித் திறந்தோம். உளி பிடித்துப் பிடித்து என் கட்டைவிரல் வளைந்தேதான் நின்றது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பூனை சோம்பல் முறிப்பது போல முதுகை வளைத்து, பிறகு நெஞ்சை விரித்தோம். நாற்காலிச் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் திருப்பினோம். அங்கேதான் எனக்குப் புரிந்தது: இடப்பக்கம் சுலபமாகத் திரும்பிய உடம்பு, வலப்பக்கம் பாதி தூரம்கூடப் போகவில்லை. முப்பது வருஷத்து மரங்களும் என் முதுகெலும்பில் கணக்கு எழுதி வைத்திருந்தன.

கடைசியில் நாற்காலியின் பின்னால் நின்று, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மெல்லத் தூக்கினோம். "இதுக்கு விருட்சாசனம்னு பேரு. மரம் மாதிரி நிக்கணும்" என்றார் டீச்சர். எத்தனையோ ஆயிரம் மரத்தை நிற்க வைத்து வெட்டினேனே, மரமாக நிற்பது இவ்வளவு கஷ்டமா என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்ததும் கையை மடியில் வைத்துக் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னார். சகோதரிகளே, எல்லாவற்றிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். பகலில் கண்விழித்தபடி ஐந்து நிமிஷம் ஒரு வேலையும் செய்யாமல் நான் உட்கார்ந்தது அதற்கு முன்பு எப்போது? எனக்கு நினைவில்லை. யாரோ வந்து திட்டப் போகிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

யார் கண்டுபிடித்த வித்தை?

"இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா, நம்முடையதா?" என்று ஒருநாள் டீச்சரைக் கேட்டேன். இரண்டும்தான் என்றார்.

கர்நாடகத்தில் பெல்லூரில் 1918-இல் பிறந்தவர் பி.கே.எஸ். அய்யங்கார். இன்புளுவென்சா காய்ச்சல் ஊரெல்லாம் கொன்று குவித்த காலத்தில் பிறந்து, சிறு வயதில் காசநோய், டைபாய்டு, மலேரியா என்று நோயிலேயே வளர்ந்தவர். மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் பயின்று தேறினார். பிறகு பூனா நகரில் பல்லாண்டுகள் கற்பித்தார், 2014-இல் மறைந்தார். இயலாதவர்களும் ஆசனம் செய்ய வேண்டும் என்று கயிறு, கட்டை, பலகை, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் துணைக்கு எடுத்துக்கொண்டவர் அவர். அமெரிக்காவில் லட்சுமி வோல்கர் என்ற ஆசிரியை, மூட்டுவலியால் தரையில் இறங்க முடியாத தம் மாணவி ஒருவருக்காக 1982-இல் ஆசனங்களை நாற்காலிக்கு மாற்றி அமைத்தார். "வர முடியாதவர் வீட்டில் இருக்கட்டும்" என்று அவர்கள் சொல்லவில்லை. வித்தையை அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போனார்கள்.

ஆனால் எனக்கு மெய்சிலிர்த்தது வேறொரு செய்தியில். சுவாமி சிவானந்தரின் படத்தை நம்மில் பலர் வீட்டில் வைத்திருக்கிறோம். திருநெல்வேலி பத்தமடையில் 1887-இல் பிறந்த அவர், துறவி ஆவதற்கு முன் டாக்டர் குப்புசாமி. 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, சிரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையில் வேலை பார்த்தார். பிறகு ஜொகூர் பாருவில் இருந்தார். பத்தாண்டுகள் இந்த மண்ணில் வைத்தியம் பார்த்துவிட்டு 1923-இல் இந்தியா திரும்பி, ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவருடைய நூல்களும் சீடர்களும் யோகாசனத்தை உலகமெல்லாம் கொண்டு சென்றார்கள். நம் பத்துமலையிலும் அவர் பெயரால் ஓர் ஆசிரமம் இருக்கிறது.

அதாவது, உலகத்துக்கு யோகம் சொன்ன ஒரு பெரியவர், முதலில் நம் பாட்டன் பாட்டிகளைப் போன்ற தோட்டத்து ஜனங்களின் காய்ச்சலையும் புண்ணையும் தொட்டுப் பார்த்தவர்! யோகம் படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது, நமக்கு எதற்கு என்று இனிமேல் நாம் சொல்லலாமா?

நான் பட்ட பாடு

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய். நாலாவது வாரம், ஆர்வக் கோளாறில் பசியாறாமல் வகுப்புக்குப் போனேன். காலை மாத்திரைகளை மட்டும் போட்டுக்கொண்டேன். டீச்சர் 'பாதி வரை குனிந்தால் போதும்' என்றதைக் கேளாமல், நிரையில் குனிந்த நினைப்பில் தலையை முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டு, சட்டென்று நிமிர்ந்தேன். மண்டபம் சுழன்றது. பக்கத்து அம்மா பிடித்துக்கொள்ளவில்லை என்றால் விழுந்திருப்பேன்.

என் மடமை உங்களுக்குப் பாடமாகட்டும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யவே கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்களும் தலையைக் கீழே தொங்கவிடக் கூடாது. எலும்பு மெலிந்தவர்கள் முதுகைக் கூனி ஆழமாகக் குனிவதையும், வேகமாக இடுப்பைத் திருப்புவதையும் தவிர்க்க வேண்டும். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தசை இழுப்பது வேறு, மூட்டில் குத்துவது வேறு. குத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யாதீர்கள். நீரிழிவுக்காரர்கள் வெறுங்காலைத் தரையில் பதிக்கும் முன் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஆசனம் மருந்துக்குத் துணைதானே தவிர, அதற்குப் பதில் அல்ல.

என்ன பலன்?

மூன்று மாதம் கழித்து டீச்சர் நோட்டைத் திறந்தார். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன். ஐந்து முறை! ஐந்தாம் முறை எழுந்து நின்றபோது, பாவி, எனக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான் வந்தது. இந்த வித்தை அவருக்கும் கிடைத்திருந்தால் என்று நினைத்தேன். கிடைத்திருக்கும், நான் வாயைத் திறந்திருந்தால் கிடைத்திருக்கும்.

முட்டி வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. தேய்ந்த எலும்பு திரும்ப முளைக்குமா? ஆனால் வலி என்னை ஆட்டி வைப்பது குறைந்திருக்கிறது. இரவில் குளியலறைக்குப் போகச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தவள், இப்போது விளக்கைப் போட்டுவிட்டு நேராக நடக்கிறேன்.

இது என் ஒருத்தியின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தார் மூட்டுத் தேய்மானம் உள்ள 131 முதியோரைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2017-இல் வெளியானது. ஒரு பிரிவினர் வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு 45 நிமிடமாக, எட்டு வாரம் நாற்காலி யோகம் செய்தார்கள். மற்றவர்களுக்கு உடல்நலப் பாடம் மட்டும் நடந்தது. யோகம் செய்தவர்களுக்கு வலியால் அன்றாட வேலை கெடுவது குறைந்தது, களைப்புக் குறைந்தது, நடையில் வேகம் கூடியது. வகுப்பு நின்று மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வலியின் தொல்லை குறைந்தது மட்டும் நீடித்தது. மற்றப் பலன்கள் நிற்கவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? கோட்டை விட்டால் பால் காய்ந்துவிடுவது போலத்தான் இதுவும். நிறுத்தினால் போய்விடும். தொடர்ந்து செய்ய வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரையில், முதியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடம்பை அசைக்க வேண்டும், தடுமாறாமல் நிற்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது. நாற்காலிப் பயிற்சி மட்டுமே அதற்குப் போதாது. முடிந்தவர்கள் நடக்கவும் வேண்டும். நடக்கவே பயப்படுகிறவர்களுக்கு இது முதல் படி.

"இந்த வயசுக்கு மேல என்னத்தைப் புதுசா?" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு எங்கள் ஊரையே சாட்சியாகக் காட்டுவேன். பழைய கோலா குபுவில் 1883-இல் அணை உடைந்து, மாவட்ட அதிகாரி ரேங்கிங் உள்படப் பலர் மாண்டார்கள். அதன் பிறகும் ஊர் அங்கேயே இருந்தது. ஈய லம்பத்து மண் ஆற்றை அடைக்க, 1926-இல் மறுபடியும் பெருவெள்ளம். அப்புறம்தான் மேட்டு நிலத்தில் சார்ல்ஸ் ரீட் என்பவர் திட்டம் போட்டுக் கொடுக்க, புதிய ஊர் எழுந்தது. 'பாரு' என்றால் மலாயில் புதியது என்றுதானே பொருள்? இரண்டு முறை விழுந்த ஓர் ஊரே எழுந்து இடம் மாறி நிற்கும்போது, நாம் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கக் கூடாதா?

வீட்டிலேயே தொடங்குங்கள்

தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு மண்டபமும் டீச்சரும் கிடைக்காமல் போகலாம். கவலை வேண்டாம். நான்கு கால் உறுதியான ஒரு நாற்காலி, அதன் முதுகைத் தாங்க ஒரு சுவர், காலையில் பசியாறி ஒரு மணி நேரம் கழித்துப் பத்து நிமிஷம்: இவ்வளவுதான் முதலீடு. நிமிர்ந்து உட்காருங்கள். கையை உயர்த்தி ஐந்து மூச்சு விடுங்கள். தோளைச் சுழற்றுங்கள். ஒரு காலை நேரே நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி ஐந்து மூச்சு வையுங்கள். பிறகு அடுத்த கால். குதிகாலைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். கடைசியில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, எழுந்து உட்காருங்கள். முதலில் கையை ஊன்றியே எழுந்திருங்கள். போகப் போக ஒரு கை போதும். பிறகு கையே வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாய் எத்தனை முயற்சியில் எழுந்திருக்கிறார் என்று இன்று மாலை கவனியுங்கள். கேட்டால் சொல்லமாட்டார். நாங்கள் வலியைச் சொல்லாமல் வளர்ந்தவர்கள். சொன்னால் அரைநாள் பேர் போய்விடும் என்று பயந்து பழகியவர்கள். நீங்களாகப் பாருங்கள். பார்த்தால், அதட்டாமல், ஒரு நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, பக்கத்தில் நீங்களும் ஒன்றைப் போட்டு உட்காருங்கள்.

என் வீட்டுக்காரர் கதையைச் சொல்லி முடிக்கிறேன். செம்பனைக் குலை வெட்டியவர் அவர். நீளக் கம்பைப் பிடித்து அண்ணாந்து பார்த்தே கழுத்து இறுகிப் போனவர். "வாங்களேன்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "உனக்கு வேற வேலை இல்ல" என்பதே பதில். வகுப்புக்கு அவர் இன்னும் வரவில்லை. ஆனால் தினமும் காலையில் நான் கூடத்தில் எழுந்து உட்காரத் தொடங்கினால், தொலைக்காட்சிச் சத்தம் தானாகக் குறைகிறது. திரும்பிப் பார்க்காமலே, ஸ்டோரில் பால் கணக்குச் சொல்லும் மண்டோர் குரலில் எண்ணுகிறார்: "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நேற்று ஒன்பதோடு நிறுத்திவிட்டேன். "என்ன, இன்னிக்கு அரைப்பேரா?" என்றார்.

பத்தாவது முறையும் எழுந்தேன். பக்கத்து நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை நான் சுவரோரத்திலிருந்து எடுப்பதில்லை.